நான்காம் நம்பர் பதில்

அக்டோபர் 17, வியாழன்

காலையிலிருந்து எங்கள் இணையக் கடைக்குப் பதினெட்டு உடைசல் புகார். ஒன்பது நிஜ உடைசல், ஏழு பனிக்கோடு, இரண்டு திருட்டு. திருட்டில் ஒன்று அசல் கூத்து. போன மாதம் வேறு யாரோ அனுப்பிய உடைந்த கோப்பைப் படத்தையே இடவலமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறான் ஒருவன். கோப்பையின் அடியிலிருந்த எங்கள் கடை முத்திரையும் கூடவே திரும்பிவிட்டதை அந்த மேதை கவனிக்கவில்லை. "செல்லமே, முத்திரை நேராகத் தெரியும்படி இன்னொரு படம் அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். அதோடு ஆளைக் காணோம்.

எல்லோரையும் 'செல்லமே' என்றுதான் அழைக்க வேண்டும், இந்த வேலையின் வழக்கம் அது. ஐம்பது வயது லாரி ஓட்டுநரும் செல்லம், என் குலத்தையே இழுத்துத் திட்டுகிறவளும் செல்லம். கட்டின மனுஷனை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பனிக்கோட்டுக்காரர்கள்தான் பாவம். வெளிர்நீல மெருகுக்குள் வலையாக ஓடும் அந்த மெல்லிய கோடுகளுக்காகத்தான் எங்கள் ஊர் ஜிங்தேஜென் பீங்கானுக்கு மதிப்பே. சூடான தேநீர் ஊற்ற ஊற்றக் கோடு பெருகும், கறை ஏறும், அது அழகு. வெளியூர்க்காரர்களோ பெட்டியைத் திறந்ததும் "ஐயோ, விரிசல்!" என்று அலறுகிறார்கள். அவர்களுக்கென்றே நான்காம் நம்பர் பதில் தயாராக இருக்கிறது, ஒரு பொத்தான் போதும். "செல்லமே, கவலை வேண்டாம். இது விரிசல் அல்ல, மெருகின் இயற்கையான பனிக்கோடு. பயன்படுத்தப் பயன்படுத்த அழகு கூடும்." கடைசியில் ஒரு பூ.

அக்டோபர் 19, சனி

மழை. மணிக்கட்டு வலி. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஜிங் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினாள். பதில் சொல்ல நான் எடுக்கும் நேரம் சராசரி எட்டு நொடியாம், கடையிலேயே நான்தான் முதல். "நவம்பர் பதினொண்ணு பெருவிற்பனை வருது. எல்லாரும் ஷியா அக்காவைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றாள். முதலாளி அவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். தினமும் நேரலையில் நின்று கூவி விற்பதால் தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும்.

பொட்டலம் கட்டும் மேசையிலிருந்து பெங் அண்ணன், "எட்டு நொடியா? எனக்கு மூக்குச் சிந்தவே பத்து நொடி ஆகும்" என்றார். வயிற்றெரிச்சல்.

ஷாந்தோங் மாகாணத்திலிருந்து ஒருவர், 'கடல்நண்டு 79' என்று பெயர் வைத்திருக்கிறார், தேநீர்க் கெண்டியில் கோடு இருக்கிறது என்று படம் அனுப்பினார். நான்காம் நம்பரைத் தட்டினேன். "அப்படியா? அழகுன்னா சரிங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று நன்றி சொல்லி, ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டுப் போனார். நாளுக்கு நாலு பேர் இப்படி இருந்தால் பிழைப்பு இனிக்கும்.

அக்டோபர் 25, வெள்ளி

மனசு ஆறவில்லை. எழுதினால் அடங்குகிறதா பார்க்கிறேன்.

நேரலையில் காட்டுவதற்கு, வாங்கியவர்கள் அனுப்பிய நல்ல பனிக்கோட்டுப் படங்களை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள் ஜிங். கடல்நண்டின் படத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. பெரிய திரையில் போட்டேன்.

அது பனிக்கோடு இல்லை.

பனிக்கோடு வலையாகப் பரவும். இது ஒற்றைக் கோடு. வாய் விளிம்பில் தொடங்கி, கைப்பிடி ஒட்டியிருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. அவர் இன்னொரு படமும் அனுப்பியிருக்கிறார், கெண்டியின் உட்புறம். அங்கேயும் அதே இடத்தில் அதே கோடு. அந்த இரண்டாவது படத்தை அன்றைக்கு நான் திறக்கவே இல்லை.

உள்ளும் புறமும் விரிசல் விட்ட கெண்டி, ஏதோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தினா அவ்வளவுதான். கைப்பிடி கையில, கெண்டி மடியில.

பதினோரு வருஷம் சூளையில தரம் பிரிச்சவ நான். கண்ணை மூடிக்கிட்டு நகத்தால தட்டியே நல்லது எது, நாசமானது எதுன்னு சொல்லுவேன். மணிக்கட்டு போச்சுன்னுதான் இந்த நாற்காலிக்கு வந்தேன். எட்டு நொடியாம் எட்டு நொடி! அதுல பார்த்தது எத்தனை நொடி? பார்க்கவே இல்லையே — தட்டினது பொத்தானைத்தானே?

"தப்பாகச் சொல்லிவிட்டேன். அது உடைசல்தான். அந்தக் கெண்டியில் வெந்நீர் ஊற்றாதீர்கள்" என்று அனுப்பினேன். செல்லமே கூடப் போடவில்லை. அவர் இன்னும் படிக்கவில்லை.

அக்டோபர் 26, சனி

படிக்கவில்லை.

மு காங் என்ற பெயரில் இருந்த அவருடைய ஆர்டரைத் திறந்து பார்த்தேன். குறிப்பு எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள், பத்தாம் மாதம் எட்டாம் நாள். அவருக்குக் கை நடுங்கும். கைப்பிடி பெரியதாக உள்ளதை அனுப்பவும்."

எண்பது வயதுக்காரருக்குப் பழைய சந்திரப் பஞ்சாங்கக் கணக்குதான். சுவர் நாள்காட்டியில் எண்ணினேன். நவம்பர் 8. இன்னும் பதின்மூன்று நாள். அதற்குள் யாராவது ஆசைக்கு ஒரு தடவை தேநீர் போட்டுப் பார்த்துவிட்டால்?

ஆர்டரிலிருக்கும் தொலைபேசி எண் நிஜ எண் இல்லை, வாங்குபவரின் எண்ணை மறைக்க விற்பனைத் தளம் தரும் தற்காலிக எண். பார்சல் கைக்குப் போனதும் அதுவும் செத்துவிடும். பன்னிரண்டு தடவை அடித்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஜிங்கோடு சண்டை.

"அவரு பொருள் வந்திருச்சுன்னு ஒத்துக்கிட்டாரு, அஞ்சு நட்சத்திரமும் குடுத்துட்டாரு. சும்மா கிடக்குற சங்கை ஏன்க்கா ஊதிக் கெடுக்குறீங்க? 'தப்பாச் சொல்லிட்டேன்'னு எழுத்துல வேற அனுப்பியிருக்கீங்க. அதை அவரு படம் புடிச்சு ஊரெல்லாம் போட்டா? பெருவிற்பனை நேரம்க்கா. பன்னெண்டு பேரு சோறு இது."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் கூடிவிட்டது. "அந்தப் பெரியவருக்குக் கை நடுங்கும் ஜிங். உங்க அப்பா மடின்னா நீ பேசாம இருப்பியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அப்பா போன வசந்தத்தில்தான் போய்ச் சேர்ந்தார். ஜிங் எழுந்து போய்விட்டாள். எனக்கு ஏன் இந்த வாய்? எண்பது வயதுக்காரரைக் காப்பாற்றப் போய் இருபத்தெட்டு வயதுக்காரியைக் குத்திவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

மதியம் குளிர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பெங் அண்ணன் சொன்னார்: "ஆளோட நம்பர்தானே செத்துப்போச்சு? கிராமத்துல பார்சலை வாங்கி வச்ச கடை ஒண்ணு இருக்கும்ல, அது சாகலையே." நான் எழுந்த வேகத்தில் மிளகாய் எண்ணெய் மேலெல்லாம் கொட்டிவிட்டது.

பார்சல் கடை நம்பர் கிடைத்தது. சூய் என்றொரு பெண்மணி. குரலைக் கேட்டால் காதை ஒரு முழம் தள்ளி வைக்கத் தோன்றும்.

"யாரு?"

"ஜிங்தேஜென்லேர்ந்து பேசுறேன் அக்கா. கெண்டிக் கடை—"

"எனக்குக் கெண்டி வேணாம்." வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தேன். "அக்கா, விக்கிறதுக்கு இல்ல. மு காங்னு ஒருத்தர் எங்ககிட்ட கெண்டி வாங்கினாரு. அது உடைஞ்ச கெண்டி. அவங்க அப்பா மேல வெந்நீர் கொட்டிரும்."

இந்தத் தடவை அவள் வைக்கவில்லை. "காங் கணவாய் மீன் புடிக்கக் கடலுக்குப் போயிருக்கான். அங்க போன் எடுக்காது. ஏழாம் தேதி சாயங்காலம்தான் கரைக்கு வருவான்" என்றாள்.

"கெண்டி எங்க இருக்குன்னு தெரியுமா அக்கா?"

"அப்பனுக்குத் தெரியாம எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். பிறந்தநாளைக்குத்தான் வெளிய எடுப்பான். பெரியவர்கிட்டச் சொல்லலாம்னா அவருக்குக் காது மந்தம். நான் கத்துற கத்துல துறைமுகம் வரைக்கும் கேக்கும், அவருக்குக் கேக்காது."

அப்பாடா! எட்டாம் தேதி வரைக்கும் யாரும் அதைத் தொடமாட்டார்கள். நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் பாதி இறங்கியது. எட்டு நொடிக் கதை முழுவதையும் சூய் அக்காவிடம் கொட்டிவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

"சரி, புதுசு ஒண்ணு அனுப்பு, நானே கொண்டுபோய்க் குடுக்குறேன். ஆனா எட்டு நொடியில பார்த்து அனுப்பிராதே, தாயி" என்றாள்.

அக்டோபர் 31, வியாழன்

கிடங்கில் தரையில் உட்கார்ந்து பதினாலு கெண்டிகளைத் தட்டினேன். பனிக்கோட்டுச் சாமான் நீளமாக ஒலிக்காது. ஆனாலும் 'டிங்' என்று ஒரு உயிர் இருக்கும். உடைசல் 'டொக்' என்று செத்து விழும். பதினோராவது கெண்டி நன்றாகப் பேசியது. கைப்பிடிக்குள் மூன்று விரல் தாராளமாகப் போகிறது.

பெங் அண்ணன் அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஜிங் வந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. எங்கே தடுக்கப் போகிறாளோ என்று பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டேன். அவள் அதே மெருகில் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பெரியவங்க பிறந்தநாளுக்கு ஒத்தைச் சாமான் அனுப்பக் கூடாதுக்கா" என்றாள். "எங்க அப்பா பார்த்திருந்தா திட்டியிருப்பாரு."

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, தொண்டை வலிக்குது" என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

பெருவிற்பனைக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. பார்சல் வழியில் நான்ஜிங் கிடங்கில் நிற்கிறது. நகரவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இன்னும் நான்ஜிங். நீயும் செல்லம்தான், கொஞ்சம் நகரேன்.

நவம்பர் 7, வியாழன்

பார்சல் அவர்கள் வட்டாரத்துக்கு வந்துவிட்டது. கிராமத்துக்கு வண்டி நாளைக் காலையில்தான். காங்கின் படகும் வரவில்லை, காற்று சரியில்லையாம். சூய் அக்கா அந்த வீட்டு வாசலுக்கு மூன்று தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். "நீ போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. இதை நான் பார்த்துக்குறேன்" என்று அதட்டினாள். சாப்பிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாருக்கு எந்த நம்பர் பதிலை அனுப்பினேனோ.

பத்தேகாலுக்கு சூய் அக்காவின் குரல் பதிவு. மூச்சு வாங்கிக்கொண்டே பேசியிருந்தாள்.

"படகு விடியக் காலையில வந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சு. காங் போன்ல சார்ஜ் இல்ல, நேரா வீட்டுக்குப் போயிட்டான். நான் இங்க வண்டிக்குக் காத்துக்கிட்டு நிக்கிறேன். ஒன்பது மணிக்கு வண்டி வந்துச்சு, உன் பெட்டியை ஸ்கூட்டர் முன்னாடி வச்சுக்கிட்டுப் பறந்தேன். உள்ள போனா வீடு நிறைய ஜனம். எல்லார் கையிலயும் பிறந்தநாள் நூடுல்ஸ் கிண்ணம். பெரியவரு நடுவுல உக்காந்து அந்தக் கெண்டியை மடியிலயே வச்சிருக்காரு, காங் கொதிக்கிற கெட்டிலோட நிக்கிறான்! 'ஊத்தாதடா பாவி!'ன்னு ஒரு கத்து கத்தினேன். அவன் அப்படியே சிலையாட்டம் நின்னுட்டான். பெரியவருக்கு எங்க கேக்குது? 'ஊத்துடா, என்ன முழிக்கிறே'ன்னு கெண்டியை நீட்டுறாரு!"

அதுவரை கேட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"புடுங்கிட்டேன். புடுங்கி முற்றத்துல ஒரு தொட்டிக்குள்ள வச்சு, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லி, அந்த வெந்நீரை ஊத்திப் பார்த்தோம். டப்புனு ரெண்டாப் போச்சு தாயி. கைப்பிடி தனி, கெண்டி தனி. காங் மூஞ்சியைப் பார்க்கணுமே, வெளுத்துப்போச்சு. அப்புறம் அவன் அத்தைதான், 'நல்ல நாள்ல சாமான் உடைஞ்சா வருஷம் பூரா சுகம்!'னு கைதட்டினா. எல்லாரும் தட்டினாங்க. இப்ப உன் புதுக் கெண்டியிலதான் தேநீர் ஓடிக்கிட்டிருக்கு. நானும் ரெண்டு கோப்பை குடிச்சேன்."

கழிப்பறைக்குப் போய் அழுதேன். நன்றாக, மூக்கொழுக அழுதேன். வெளியே வந்தால் ஜிங் எனக்குக் குடிக்க வெந்நீரோடு நிற்கிறாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. பெங் அண்ணன் மட்டும், "நான் கட்டின பொட்டலத்துல அது உடைஞ்சிருக்கவே முடியாது. லாரிக்காரன்தான் கீழ போட்டிருப்பான்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். சரி அண்ணே, லாரிக்காரன்தான்.

இரவு என்ன சமைத்தாலும் ருசிக்கும் போலிருக்கிறது.

நவம்பர் 9, சனி

நான்காம் நம்பர் பதிலை அழித்துவிட்டேன். புதிதாக எழுதியது: "படங்களைப் பார்த்தேன். எனக்காக அதை ஒரு தடவை நகத்தால் தட்டி, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா?"

"பெருவிற்பனை அன்னைக்கு ஒவ்வொருத்தர் தட்டுறதையும் உக்காந்து கேப்பீங்களா?" என்றாள் ஜிங்.

கேட்பேன் என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பெருவிற்பனை முடிந்தது. நான் எடுக்கும் நேரம் இப்போது சராசரி நான்கு நிமிடம், கடையிலேயே கடைசி. ஜிங் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேற்று நேரலையில் கெண்டியை நகத்தால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

இன்று அறுபத்து மூன்று பேர் தட்டி அனுப்பினார்கள். ஒருவர் சாவியால் தட்டினார், ஒருத்தி பின்னால் குழந்தை அழ அழத் தட்டினாள். அறுபத்தொன்று டிங், இரண்டு டொக். அந்த இரண்டுக்கும் உடனே புதிதாக அனுப்பச் சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது இன்னொன்று வந்தது. புகார் எதுவும் எழுதவில்லை. கடல்நண்டு 79.

திறந்தேன். கோப்பைகள் உரசும் சத்தம், யாரோ சிரிப்பது, அப்புறம் நடுங்கும் விரல் ஒன்று தேடித் தேடி — டிங்.

பின்னாலேயே ஒரு கிழவரின் உரத்த குரல்: "அந்தப் பொண்ணுக்குக் கேட்டுச்சான்னு கேளுடா!"