சத்தம் நிறுத்திய போன்

செவ்வாய், இரவு.

ஆளும் ஆம்புலன்ஸும் போதாத ஊர்களின் அவசர சிகிச்சை பற்றி என்ன ஆய்வு செய்யலாம் என்று இன்று ஜார்ஜ்டவுனில் கூட்டம். நெஞ்சுவலிக்காரர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதையே முதல் கேள்வியாக வைக்கலாம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். என் போன் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது.

வெளியே வந்து பார்த்தால், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து அத்தை விடாமல் அழைத்திருக்கிறார். திருப்பி அழைத்தேன்; மாமாவுக்கு நெஞ்சுவலி.

"ஆம்புலன்ஸ கூப்பிடலையா அத்தை?"

"குடும்பத்துல டாக்டர வச்சிக்கிட்டு, உன்ன கேக்காம எப்படி லா கூப்பிடறது? நீ எடுப்பேன்னு உக்காந்திருந்தோம்."

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று; மாமா இன்னும் கண் திறக்கவில்லை. அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நானும் கூட்டத்தில் உட்கார்ந்து, ஏன் தாமதிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.