ஒல்லாந்தர் வந்த வருஷம்

15.3.1997, சனி

முன்பு ஊரில் ஆசிரியையாக இருந்தபோது, ஒரு நாள் குடியியல் பாடத்தில், "இதை மக்கள்தான் தீர்மானிப்பார்கள்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "மக்கள் எண்டால் ஆர் ரீச்சர்? ஒராளைக் காட்டுங்கோ." வகுப்பே சிரித்தது. நான் என்ன பதில் சொன்னேன்? ஞாபகமில்லை. மணி அடித்துக் காப்பாற்றியிருக்கும்.

அந்தக் கேள்வி இன்று திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு வீடியோ கசெற். காலையில் தபாலோடு வந்து விழுந்தது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று மக்களிடமே கேட்க வேண்டும் என்று ஒரு கட்சி இந்தத் தேர்தலில் நிற்கிறது. வீடு வீடாக அனுப்புகிறார்களாம். தம்பி பாலேந்திரா கடையை மனைவி சிவனேஸ்வரியிடம் விட்டுவிட்டு வந்து, அதை இரண்டு தரம் போட்டுப் பார்த்தான். தமிழ்ப் படத்தைக்கூட அவன் இரண்டு தரம் பார்த்ததில்லை.

"மெத்தச் சரி," என்றான். "கதவைப் பூட்டோணும் அக்கா. கண்டவன் நிண்டவன் எல்லாம் வாறான்."

அவன் சொன்னது கடைக்கு எதிரே கடை போட்டிருக்கும் பிரான்ஸ் தமிழனை. ஆனால் அப்போது என் மகள் கல்யாணி அதே அறையில் நின்று வேலைச் சட்டையை இஸ்திரி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஹொலண்டிலிருந்து, எங்கள் பழைய பேச்சில் ஒல்லாந்தர் நாட்டிலிருந்து, ஜனவரியில் வந்தவள். டச்சு பாஸ்போட். ஒருவரிடமும் விசா கேட்காமல் ஒரு சூட்கேசோடு கப்பலில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. இனி ஒரு வீடு பார்த்துவிட்டால், யூலையில் பள்ளிக்கூடம் விட்டதும் மருமகன் சிறியும் பேத்திகளும் வருவார்கள். அதுவரை லண்டன் ஸ்ட்ரெதமில் தம்பியின் வீட்டில்தான் எல்லாரும்.

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளும் நானும் ஒரே ஊரில். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

22.3.1997

சாப்பாட்டு மேசையில் சண்டை.

"நான் குரோய்டனில இமிகிரேஷன் வாசலில எத்தினை விடியப்புறம் வரிசையில நிண்டனான் தெரியுமே? அந்தப் பனியில!" என்றான் தம்பி. "இவை என்னெண்டால் கப்பலால இறங்கி நடந்து வருகினம்."

"நானும் அங்கை அகதி முகாமில இருந்துதான் மாமா அந்தப் பாஸ்போட் எடுத்தனான்."

"அது ஹொலண்டின்ரை வரிசை. இது எங்கடை வரிசை."

"எங்கடையோ? ஆற்றை?"

நான் வழக்கம்போல ஓர் உதாரணம் சொன்னேன். பருத்தித்துறை பஸ்ஸில் பார்த்திருக்கிறோமே, மிதிபலகையில் கடைசியாகக் கால் வைத்தவன்தான் முதலில் கத்துவான், 'இடமில்லை, பஸ்ஸை எடு' என்று.

"நான் ரிக்கற் எடுத்து ஏறினவன் அக்கா. உங்கடை மகள் பின்கதவால ஏறினவள்."

கல்யாணி சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். "மச்சாள், இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்றாள் சிவனேஸ்வரி. வேறு என்னதான் சொல்வாள்?

தம்பிக்கு பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்தது போன வருஷம்தான். அன்று அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் கொளுத்தினான். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என்னிடம் இன்னும் இருப்பது, இங்கே தங்க விட்டவர்களுக்குப் பாஸ்போட்டுக்குப் பதிலாகத் தரும் வெறும் பயணப் பத்திரம்.

4.4.1997, வெள்ளி

கல்யாணியோடு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து விபூதி வாங்கும்போது பக்கத்தில் நின்றவள் கேட்டாள்: "தங்கச்சி, எப்ப திரும்பிப் போறியள்?"

"போகேல்லை அக்கா. இருக்க வந்தனான்."

"ஓ... அங்கை அரசாங்கம் தாற பெனிபிட் எல்லாம் நல்லமெண்டெல்லோ சொல்லுறாங்கள்?"

கல்யாணி கண்ணை மூடிக்கொண்டாள். கும்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

6.4.1997

தமிழ்ப் பள்ளியின் செயலாளர் இம்மாகுலேற் வந்தா. புதுவருஷ விழாவில் பட்டிமன்றம் வைக்கிறார்களாம்: 'ஐரோப்பாவில் பிரித்தானியா இருப்பதா, விலகுவதா?' வருஷா வருஷம் நான்தான் நடுவர். விலகுவதற்குப் பாலேந்திரா பெயர் கொடுத்துவிட்டான். அதைக் கேட்டு, இருப்பதற்குக் கல்யாணி கொடுத்துவிட்டாள்.

"இரண்டு பேரும் என்ரை ஆக்கள். நான் எப்படி நடுவராக இருக்கிறது?" என்றேன்.

"ஒரு பக்கம் தம்பி, மற்றப் பக்கம் மகள். ரெண்டு தட்டும் சமன்தானே ரீச்சர்! இதைவிட நல்ல நடுவர் லண்டனில கிடைப்பினமோ?"

சிரித்தேன். ஒப்புக்கொண்டேன்.

18.4.1997

கல்யாணி எழுதிய பேச்சைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டாள். நடுவர் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது என்றேன். "நீங்கள் இன்னும் வகுப்பிலதான் அம்மா நிக்கிறியள்," என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தாள்.

19.4.1997, சனி

மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் பலர் நின்றுகொண்டு கேட்டார்கள்.

தம்பிக்கு மேடை தண்ணீர் பட்ட பாடு. "ஒரு வீட்டில பதினைஞ்சு குடும்பம், ஆனால் ஒரே ஒரு குசினி. என்ரை கறிக்கு உப்புக் காணுமோ எண்டு ஆர் சொல்லுறது? பெல்ஜியத்தில இருக்கிற ஒருத்தன்!" சிரிப்பு. பிறகு குரோய்டன் வரிசை. அதைச் சொன்னதும் மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றவர்கள்தானே. பிறகு, கல்யாணியின் பக்கம் கையை நீட்டி: "ஒல்லாந்தர் ஒருக்கா யாழ்ப்பாணத்துக்கு வந்தவை. சும்மா பாத்திட்டுப் போறம் எண்டுதான் வந்தவை. கோட்டை கட்டிப்போட்டினம்! இப்ப ஸ்ட்ரெதமுக்கு வந்திருக்கினம். கோட்டை எந்த வளவில எண்டு கேளுங்கோ!"

கூரை பறக்கிற மாதிரிக் கைதட்டல். விசில். நானும் சிரித்துவிட்டேன். பகிடி நல்ல பகிடிதான்.

கல்யாணி தாளைப் பார்த்து வாசித்தாள். "குரோய்டனில நிண்ட உங்கடை கஷ்டம் எனக்கு விளங்குது. இனி ஒருத்தரும் அப்பிடி நிக்கக் கூடாது எண்டுதானே நாங்கள் சொல்லோணும்?" என்றாள். "நடந்து வந்தவளுக்கு என்ன விளங்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஒல்லாந்தர், இறங்கு!" என்று இன்னொன்று. அவள் தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தாள். "கேள்வியை உங்களிட்டைக் கேக்கப் போகினம். மறுமொழி என்னைப் பற்றினது. எனக்கு வோட் இல்லை." அவ்வளவுதான். போய்த் தன் இடத்தில் இருந்துவிட்டாள். ஒருவரும் தட்டவில்லை.

நான் எப்போதும் செய்வதையே செய்தேன். எடுத்துக்காட்டுக்கு, சொல்லும் விதத்துக்கு, சபையைப் பிடித்து வைத்திருப்பதற்கு என்று பிரித்துப் புள்ளி போட்டேன். விலகும் அணிக்கு வெற்றி என்று அறிவித்தேன்.

தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

20.4.1997

காலையில் கல்யாணி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.

"அம்மா, தீர்ப்புச் சொல்லேக்கை என்னைப் பாத்தனீங்களோ?"

"பேச்சுக்குத்தான் பிள்ளை புள்ளி போட்டனான். கருத்துக்கில்லை."

"அந்த மண்டபத்தில ஒருத்தரும் பேச்சுக் கேக்க வரேல்லை அம்மா."

வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு உடன்பாடில்லாத எத்தனை கட்டுரைகளுக்கு நான் நல்ல புள்ளி போட்டிருக்கிறேன்! அதுதானே நேர்மை? சொந்த மகளுக்குச் சாய்ந்திருந்தால் ஊர் என்ன சொல்லும்? — ஊர் என்ன சொல்லும் என்றா யோசித்தேன்? இல்லை. பழக்கத்தில் செய்தேன். பழக்கத்தில் என்றால் சரியாகிவிடுமா?

26.4.1997

கடைக்குப் போனேன். கண்ணாடியில் அந்தக் கட்சியின் சுவரொட்டி. பால் வாங்க வந்தவர் ஒருவர், "எங்கை பாலேந்திரா அண்ணை, உங்கடை வீட்டு ஒல்லாந்தர் இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டார். தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: "ரீச்சரே தீர்ப்புச் சொல்லிப்போட்டா. பெத்த தாயே சொன்ன பிறகு பேச்சென்ன?"

சனத்துக்கு முன்னால் கத்திவிட்டேன். "வாயை மூடடா! அது உன்ரை மருமகளடா! சின்னனில உன்ரை தோளில இருந்து தேர் பாத்தவளடா!"

"தோள் வேறை, நாடு வேறை அக்கா. குடுத்த தீர்ப்பை மாத்தேலாது."

பால் வாங்காமலே வந்துவிட்டேன். ஐந்து வயதுக் குழப்படிகாரர்களிடம்கூட நான் இப்படிக் கத்தியதில்லை.

1.5.1997, வியாழன்

வோட். இலங்கை பொதுநலவாய, அதாவது கொமன்வெல்த், நாடு என்பதால், இங்கு பாஸ்போட் இல்லாத எனக்கும் வோட் உண்டு. இங்கே சமைத்து, வரி கட்டி, நோயாளிகளுக்குச் சோறு போடுகிற கல்யாணிக்கு இல்லை. தம்பியும் நானும் ஒரே வாசலால் போனோம். கதைக்கவில்லை.

2.5.1997

தம்பியின் கட்சி எல்லா இடத்திலும் தோற்றுப்போனது. ஐரோப்பாவை விட்டு ஒருவரும் போகவில்லை.

கல்யாணி போகிறாளாம். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டாளாம். "பிள்ளையளை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து, 'ஒல்லாந்தர்' எண்டு பகிடி கேக்க விடவோ? சொந்தச் சனத்தின்ரை வாயால?"

"தம்பி தோத்துப்போனான் பிள்ளை."

"அவர் எங்கை தோத்தவர்?"

11.5.1997, ஞாயிறு

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேசன். ரயிலில் போய் ஹாரிச்சில் கப்பல் ஏறுவாள். அதே சூட்கேஸ். தம்பி வரவில்லை. சிவனேஸ்வரி வீட்டிலிருந்தே பயணத்துக்கு றோல்ஸ் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தாள். "மாமிக்குச் சொல்லுங்கோ, நல்லாயிருக்கும் எண்டு," என்றாள் கல்யாணி, பையைத் திறந்தும் பார்க்காமல்.

அவளை அனுப்ப ஒரு சட்டமும் தேவைப்படவில்லை.

12.5.1997

எழுத ஒன்றுமில்லை.

5.10.1997

டென்ஹாக்கில் சிவனேஸ்வரியின் ஒன்றுவிட்ட தங்கச்சிக்குக் கலியாணம். கல்யாணியும் அதே ஊர்தான். அந்தச் சாட்டில் போய் மகளைப் பார்க்கலாமென்று விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன். என்னுடைய பயணப் பத்திரத்துக்கு அது வேண்டும். மழையில் டச்சுத் தூதரக வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்ற சோமாலியப் பெண் தன் குடைக்குள் எனக்கும் இடம் தந்தாள். பெயர் கேட்டேன். ஹவா.

16.10.1997

விசா வரவில்லை. இன்னும் பார்க்க வேண்டுமாம். சிவனேஸ்வரி கடையில் நிற்கிறாள். தம்பி தனியாகப் போகிறான். அவனுக்கு விசா எதற்கு? கற்பூரம் கொளுத்திய பாஸ்போட் இருக்கிறதே. கல்யாணிக்கு ஏதும் கொடுத்துவிட இருக்கிறதா என்று கேட்டான். ஏப்ரலில் கடையில் நடந்த சண்டைக்குப் பிறகு அவன் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. மிளகாய்த்தூளைப் பொதி செய்து கொடுத்தேன்.

18.10.1997, சனி

பின்னேரம் தொலைபேசி. கல்யாணி. குரலைத் தணித்துக் கதைத்தாள்.

"அம்மா, மாமா வாசலில நிக்கிறார். கலியாண வீட்டில படுக்க இடமில்லையாம். நல்ல மழை. சிறி வேலைக்குப் போட்டார். கண்ணாடியால பாக்கிறன், உங்கடை பொதியைத் தலைக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"உன்னைக் கண்டவரோ?"

"ஓம். என்ன சொல்லுறார் தெரியுமோ? 'ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை, பாஸ்போட்டைத் தூரத்தில காட்டினன், போ எண்டாங்கள்' எண்டு கதவுக்கு வெளியில நிண்டு சந்தோஷமாச் சொல்லுறார். அவருக்கு இன்னும் ஒண்டும் விளங்கேல்லை. அம்மா, திறக்கவோ, விடவோ?"

மறுபடியும் என்னிடம் தீர்ப்புக் கேட்கிறாள். இந்த முறை புள்ளி போட மாட்டேன்.

"உன்ரை கதவு பிள்ளை. நீ சொல்லுறதுதான்."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. மேசையில் கிடத்தியிருக்க வேண்டும். மழைச் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள்.

"வாங்கோ மாமா. ஒல்லாந்தற்றை கோட்டை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

தம்பி சிரிக்கவில்லை. பிறகு மெல்ல, "அக்கா தூள் தந்துவிட்டவா," என்றான்.

பின் வரிசை வாங்கில் இருந்த அந்தப் பிள்ளைக்கு நான் ஒராளைக் காட்டியிருக்கலாம். கல்யாணியைக் காட்டியிருக்கலாம். பொதியைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் நின்ற பாலேந்திராவையும்தான்.

இந்தக் கொப்பி யார் கையில் அகப்பட்டாலும் ஒரு வீட்டுப்பாடம்: 'அவங்கள் போகோணும்' என்று சொல்ல வாய் வரும்போது, 'அவங்கள்' என்பதை எடுத்துவிட்டு, அவர்களில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பெயரை வைத்து, உரக்க ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.