ரோசம்மாள் அக்காவுக்கு நான் காட்டிய குழி

இயேசு மரி சூசை துணை

அன்பு மகன் ரெஜிஸுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள். முழங்கால் வலியைத் தவிர அவளும் சுகம்தான். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பாள், அதனால்தான் இந்தக் காகிதம்.

நான் கிளார்க்காக உட்கார்ந்திருக்கும் கோயில் ஆபீசின் பழைய கம்ப்யூட்டரை நீ லீவில் வந்தபோது சரிபண்ணிக் கொடுத்து, இதிலெல்லாம் கை வைக்காதீங்கப்பா என்று படித்துப் படித்துச் சொன்னாய். அத்தனையிலும் கை வைத்தேன். வைரஸ் தடுக்கிற புரோகிராம் ஒன்று போதும் என்றாய், காவலுக்கு ரெண்டு நாய் நல்லதுதானே என்று இன்னொன்றும் போட்டேன், ரெண்டும் ஒன்றையொன்று குதறிக்கொண்டு மிஷின் நகர மறுத்தது. வேகமாக்கித் தருகிறேன் என்று இனாமாக ஒன்று வந்தது, அதையும் ஏற்றினேன். திருவிழா வீடியோவையெல்லாம் அடைத்துவைத்து, இடமில்லை என்று அது அழுதபோது பெயர் புரியாத ஃபைல்களைக் குப்பை என்று அழித்தேன். பத்தாம் வகுப்பையே மூன்று தடவை எழுதியவனுக்கு விண்டோஸின் வயிற்றில் எது குடல் எது கொழுப்பு என்று எப்படித் தெரியும். அசையாமல் நின்றால் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவேன். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலமாக ஒரு திரை வந்தது, அதோடு சரி.

கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்ற லிஸ்ட் அதில்தான் இருந்தது. பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. பென்டிரைவில் காப்பி எடுத்தீங்களா என்று ஃபாதர் கேட்கும்போதெல்லாம் எடுத்தாச்சு ஃபாதர் என்று சொல்லிவைத்திருந்தேன். எடுக்கவில்லை. சத்தமில்லாமல் மிஷினை கே.கே. நகர் ஜெஸ்வின் கடையில் கொடுத்த அன்றைக்கே இடியாப்பம் விற்கிற ரோசம்மாள் அக்கா தவறிப்போச்சு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போன புருஷன் குழியிலேயே தன்னைப் போடணும் என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்ததாம். மூத்தவன் அன்புச்செல்வன் வந்து எந்தக் குழி மாமா என்றான். அங்கே குழிகள் மேலிருந்த சிலுவைகளெல்லாம் விழுந்து ரொம்ப நாளாச்சு, அவனுக்கும் அடையாளம் தெரியவில்லை. லிஸ்ட் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, வேப்பமரத்துக்கு அடுத்தது என்று கையை நீட்டினேன். வெட்டினார்கள், எலும்பு இருந்தது, அப்பா என்று அவன் அழுதான், நானும் நம்பினேன். சனிக்கிழமை ஜெஸ்வின் டிஸ்கைக் கழற்றி லிஸ்டை மட்டும் மீட்டுக் கொடுத்து, இது கம்ப்யூட்டரா குப்பை வண்டியா அங்கிள் என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். புருஷன் இருப்பது பின்வரிசையில். அக்கா படுத்திருப்பது பெஞ்சமின் என்ற யாரோ ஒருத்தரோடு.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அன்புச்செல்வன் தினமும் காந்தி மார்க்கெட்டில் செவ்வந்தி வாங்கிவந்து வைத்துவிட்டு, மறக்காம இடம் காட்டினீங்க மாமா என்று என் கையைப் பிடிக்கிறான். சொல்லாமலே இருந்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடமும் அவனிடமும் சொல்லப்போகிறேன். வேலை போகும். அவன் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். மறுபடி தோண்டுவதா, அப்படியே விடுவதா, அதை அவன் சொல்லட்டும்.

ஆண்டவர் உங்கள் ரெண்டு பேரையும் காப்பாராக. வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே. அம்மாவிடம் போன் பண்ணிக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பேசு. இது உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருக்க வேண்டும். உன் அப்பா ஒரு கோழை, தபாலில் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

உன் அப்பா,
ச. தைரியராஜ்
திருச்சி