மடக்கு வண்டி வாங்கலாமா, அக்கா?

மெப்பல்,
பிப்ரவரி மூன்றாம் வாரம்

அன்புள்ள அலைடா அக்காவுக்கு,

தம்பி ஹார்மன் எழுதுவது. நானும் ரூலியும் நலமாக இருக்கிறோம். அங்கே ஆல்பர்ட்டாவில் பனி இன்னும் வாசல்வரை நிற்கிறது என்று எழுதியிருந்தாய். படியில் உப்புத் தூவாமல் இறங்காதே. தம்பி சொல்லி நீ எதையும் கேட்டதில்லை என்பது தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தொலைபேசியில் உனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. எனக்கோ தொலைபேசியில் யோசிக்கவே வராது. அதனால்தான் கடிதம்.

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். மடக்கு டிரெய்லர் ஒன்றை வாங்குவதா, விடுவதா? நீ கப்பலேறி அங்கே குடிபோன காலத்தில் இங்கே இவ்வளவாகப் புழங்காத பொருள் இது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும்போது இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். கூடாரத் திடலுக்குப் போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்து விரித்தால் கித்தான் சுவர் வைத்த ஒரு சின்ன வீடாகிவிடும்.

இந்தப் பேச்சு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு காலை ரொட்டிக்குப் பாலாடைக்கட்டி சீவிக்கொண்டே ரூலி சொன்னாள்: "ஜூன்ல நான் ஊர் சுத்தக் கிளம்புறேன் ஹார்மன். நீ வந்தா சந்தோஷம். வரலேன்னா பாட்டுக் குழுவோட பஸ்ல போறேன். மூணு வருஷமா ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு ஹென்னியோட கேரவன் கிளம்புறதப் பாத்துப் பெருமூச்சு விட்டாச்சு. போதும்." கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கட்டியைச் சீராகச் சீவிக்கொண்டே சொன்னாள். எங்கள் தேவாலயப் பாட்டுக் குழுவின் பேருந்தில் போகிறவர்கள் பெரும்பாலும் கணவனை இழந்தவர்கள். நான் உயிரோடு இருக்கும்போதே ரூலி அந்த வரிசையில் போய் உட்காருவதை நினைத்தால் ரொட்டி இறங்கவில்லை.

நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவன் நான். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை பார்த்து மருந்து கொடுப்பேன். வாங்கியவர் வாசலைத் தாண்டுவதற்குள் மனதுக்குள் மூன்றாம் முறையும் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன்.

நல்ல பக்கத்தில் முதலில் எடை. முன்பு நாங்கள் இழுத்துப் போன கேரவன் என்ற சக்கர வீட்டின் கனத்தில் பாதிகூட இல்லை. எங்கள் சின்னக் காரே இழுக்கும். மடக்கினால் வீட்டுக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளலாம், குளிர்காலத்துக்கு விவசாயியின் களஞ்சியத்தில் இடம் கேட்டு அலைய வேண்டாம். உயரம் குறைவு என்பதால் காற்று பிடித்துத் தள்ளாது. படுக்கை நாற்காலி உயரத்தில் இருக்கிறது; தரையில் படுத்து எழுந்திருக்க என் முழங்கால் இனி சம்மதிக்காது.

கெட்ட பக்கமும் சிறியதல்ல. மழையில் நனைந்த கித்தானை அப்படியே மடக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும். கழிப்பறை கிடையாது. முதல் தடவை விரிக்க எனக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை பக்கத்துக் கூடாரக்காரர்கள் காபியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள், யோசனையும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் படுக்கை இருப்பதால் நான்கு பேர் தூங்கலாமாம். நாங்கள் இருவர். அந்த இரண்டாவது படுக்கை வீண் கனம். மழையையும் கெட்ட பக்கத்தில் எழுதியிருந்தேன். ரூலி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கித்தான்ல மழை விழுற சத்தம் நல்ல பக்கத்துல வரணும்" என்றாள். இப்போது மழை இரண்டு பக்கமும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஹென்னி வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் கோடு போட்டு எழுதுனீங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ரூலி, "எழுதுனாரே, ரெண்டு தாள்!" என்றாள். அது உண்மையல்ல. ஒரு தாள்தான்.

அக்கா, அந்தத் தாளில் எழுதாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில், காசெலுக்கு முந்தின இறக்கத்தில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. கேரவன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. பின்னாலிருந்து யாரோ காரைப் பிடித்து உலுக்குவது போலிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஓய்விடத்தில் நிறுத்தியபிறகு ஸ்டியரிங்கிலிருந்து என் விரல்களை ரூலிதான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அந்த இலையுதிர் காலத்திலேயே கேரவனை விற்றுவிட்டேன். களஞ்சிய வாடகை கூடிவிட்டது என்று அவளிடம் காரணம் சொன்னேன்.

ரூய்னர்வோல்ட் ஊரில் லாம்மெர்ட் என்கிற பழைய பால் பண்ணைக்காரர் ஒரு வண்டியை விற்கிறார். மார்ச் கடைசிவரை எங்களுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். நான் என்ன செய்ய? நீ சின்ன வயதிலிருந்து எனக்குப் பதிலாக முடிவெடுத்துப் பழகியவள். இதையும் எடுத்துக் கொடு.

இனிமேல் உன் பயணமெல்லாம் இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்குத்தான் என்று எழுதியிருந்தாயே, அதை நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கவில்லை.

உன் நலம் நாடும் தம்பி,
ஹார்மன்


மெப்பல்,
மார்ச் கடைசி

அன்புள்ள அக்கா,

உன் பதில் கிடைத்தது. ஒரே வரி. "டேய் ஹார்மன், தாளை மடிச்சு வச்சுட்டு வண்டியைப் போய்ப் பாரு." இதற்கு நீ ஒட்டியிருந்த தபால்தலை அதிகம். ஆனாலும் போனோம்.

லாம்மெர்ட் மரச்செருப்போடு முற்றத்தில் நின்றார். மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறார்களாம், அதனால் விற்கிறார். ஒரு இழுப்பில் மூடியைத் திறந்து, இரண்டு கம்பியைத் தூக்கி, நான்கு முட்டுக்காலையும் இறக்கினார். நான் அளவுநாடாவை எடுப்பதற்குள் ரூலி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். "இங்க வா ஹார்மன், ஜன்னல்ல வானம் தெரியுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் வானத்தைப் பார்க்கவில்லை. கொக்கியின் மேல் எவ்வளவு கனம் விழுகிறது என்று பார்க்க, குளியலறைத் தராசைக் கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து அதை எடுத்ததும் லாம்மெர்ட், "உங்களை நிறுக்கவா, வண்டியை நிறுக்கவா?" என்று கேட்டார்.

கனம் சரியாக இருந்தது. கித்தானை மூலை மூலையாக முகர்ந்து பார்த்தேன், பூஞ்சணம் இல்லை. எங்கள் வீட்டுக் கொட்டகை வாசலுக்கும் அளவு பொருந்தியது. என் தாளில் கெட்ட பக்கத்து வரிகள் ஒவ்வொன்றாக அடிபட்டுக்கொண்டே வந்தன. அடிபட அடிபட, தட்டிக்கழிக்க எனக்கிருந்த சாக்குகளும் தீர்ந்துகொண்டே வந்தன. சாக்கு எதற்கென்று உனக்குத் தெரியும்.

பிறகு லாம்மெர்ட், வண்டியை மடக்கிக் காரில் மாட்டிவிட்டு, "ஊருக்குள்ள ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார். நான் விளக்குக் கம்பியைச் சோதித்தேன். கொக்கியைச் சோதித்தேன். மறுபடி விளக்கு. "அது மருந்துச் சீட்டு இல்ல ஹார்மன்" என்றாள் ரூலி. மூன்றாம் முறையும் சோதித்துவிட்டு நிமிர்ந்தபோது ஓட்டுநர் இருக்கையில் ரூலி உட்கார்ந்திருந்தாள்.

"ஏறு. நீ வழி சொல்லு" என்றாள்.

அக்கா, நான் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்திருந்தேன். எடை, காற்று, மழை, முழங்கால். ஓட்டப்போவது நான்தான் என்பதை மட்டும் நிறுத்துப் பார்க்கவில்லை. இங்கே எந்தத் திடலுக்குப் போனாலும் அப்படித்தானே வந்து இறங்குவார்கள்: ஸ்டியரிங்கில் கணவன், மடியில் வரைபடத்தோடு மனைவி. அது சட்டம் இல்லை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கால்வாயோரமாகப் போனாள், ரவுண்டானாவைச் சுற்றினாள், திரும்பி வந்தாள். வந்து நிறுத்துவாள் என்று பார்த்தால், லாம்மெர்டின் களஞ்சியக் கதவு திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு வண்டியைப் பின்னாலேயே தள்ளி உள்ளே விடத் தொடங்கினாள். பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது என் மூளைக்குத் தெரியும். கைக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. முப்பது கோடைகளில் எத்தனை திடல்களில் எத்தனை அந்நியர்கள் சேர்ந்து என் கேரவனைக் கையால் தள்ளியிருக்கிறார்கள்! ரூலி ஒரே வளைவில் உள்ளே விட்டுவிட்டு இஞ்சினை அணைத்தாள்.

லாம்மெர்ட் தொப்பியைக் கழற்றினார். "எங்க கத்துக்கிட்டீங்கம்மா இதை?"

"எங்கப்பா உருளைக்கிழங்கு வயல்ல. பதினஞ்சு வயசுல டிராக்டருக்குப் பின்னால வண்டி கட்டி இழுத்தவ நான்."

அவள் டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் படம் எங்கள் நடையில் மாட்டியிருக்கிறது. தினமும் அதற்குக் கீழேதான் என் கோட்டை மாட்டுகிறேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஸ்டியரிங்கை நான் கேட்டா நீ குறைஞ்சுபோன மாதிரி நினைச்சுக்குவியோன்னு இருந்தேன். கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்றாள். உடனே கொடுத்திருப்பேன் என்றேன். "அட கடவுளே!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினாள். ஓடும் காரில் வரைபடத்தைப் படித்தால் அவளுக்குக் குமட்டுமாம். அதை அடக்கத்தான் அந்தக் கருப்பு அதிமதுர மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே இருந்தாளாம். மிட்டாய்ப் பிரியை என்று நினைத்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வரைபடம் என்றால் எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். அவளுக்குப் பிடித்த வேலையைப் பறிக்கக்கூடாது என்று முப்பது வருடம் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகு இன்னொன்றும் சொன்னாள். "களஞ்சிய வாடகை கூடிப்போச்சுன்னு சொன்னியே, அந்த விவசாயியை நான் அப்பவே கடைத்தெருவுல பாத்துக் கேட்டேன். வாடகை ஒரு சென்ட்கூட ஏறல." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நான் காரில் இருந்தபடியே என் கைகளைப் பார்த்தேன். இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. மூன்று வருடமாகத் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது.

வாங்கிவிட்டோம், அக்கா. ஹென்னிக்கு இன்னும் சொல்லவில்லை. கேள்வி கேட்பார்.

என்றும் உன்,
ஹார்மன்


எடர் ஏரிக்கரை, ஜெர்மனி,
ஜூன்

அன்புள்ள அக்கா,

மடக்கு மேசையில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடினால் அது மேசையின் குற்றம். மழை பெய்கிறது. கித்தானில் விழும் சத்தத்தைக் கேட்டபின் மழையைக் கெட்ட பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் ஊருக்குப் போய் இதைக் காயவைக்க வேண்டும் என்பதை மறக்கவில்லை.

காசெல் இறக்கத்தைத் தவிர்க்க ஒரு சுற்று வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ரூலி வேண்டாம் என்றுவிட்டாள். அந்த இடம் வந்தபோது ஒரு லாரி, அதே மாதிரிப் பெரியது, எங்களைத் தாண்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் லாரி எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வண்டி பின்னால் சமர்த்தாக வந்துகொண்டிருந்தது. ரூலி, "அடுத்தது எங்க திரும்பணும்? கண்ணை மூடிக்கிட்டு வரைபடம் படிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வழி சொல்கிறேன் என்று ஒரு குறை சொல்கிறாள். மற்றபடி ஒரு திருப்பமும் தவறவில்லை. மிட்டாய் டப்பாவை அவள் திறக்கவேயில்லை.

இங்கே வந்து வண்டியை விரித்தபோது பக்கத்தில் நான்கு பேர் காபியோடு நாற்காலியில் இருந்தார்கள். அவள் ஒரே தள்ளில் வண்டியைப் பின்னால் விட்டு நிறுத்தியதும் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு ஒரு முட்டுக்காலைத் தலைகீழாகப் பொருத்தி நான் அந்த மரியாதையைக் கெடுத்தேன். அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சிரித்துவிட்டேன்.

இரண்டாவது படுக்கையை வீண் கனம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? முதல் நாளே பைகளை அதில் வைக்கப் போனேன். "அங்க வைக்காதே" என்றாள் ரூலி. புது விரிப்புப் போட்டு, தலையணை ஒன்றும் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சின்ன வயதில் நம் அறையில் ஜன்னல் பக்கம் உனக்குத்தான் வேண்டும் என்று நீ அடம்பிடித்தது அவளுக்கும் தெரியும், நான்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் படுக்கைக்கு ஜன்னல் இருக்கிறது.

அக்கா, படுக்கை நாற்காலி உயரம்தான். விமானத்திலும் நாற்காலி, காரிலும் நாற்காலி. நாற்காலியிலிருந்து நாற்காலிக்குத்தான் பயணம் என்று சொன்னாயே, கணக்குப் பார்த்தால் இதுவும் அதற்குள்தான் அடங்குகிறது. செப்டம்பரில் இங்கே வெயில் இதமாக இருக்கும், கூட்டமும் இருக்காது. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்கு ரூலி ஓட்டி வருவாள். நான் வழி சொல்வேன். படியிறங்கும்போது நீ பிடித்துக்கொள்ள என் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

இதற்கு நான் தாள் எடுக்கவில்லை, கோடும் போடவில்லை. இந்த ஒருமுறை உனக்குப் பதிலாக நான் முடிவெடுத்துவிட்டேன்.

வா.

வழி பார்த்திருக்கும் தம்பி,
ஹார்மன்