ஆரஞ்சு ஜாக்கெட்டில் இரண்டாவது புள்ளி

வியாழக்கிழமை, காலை

அன்பு நிறைந்த அம்மாவுக்கு,

தூனிஸில் இருக்கும் உங்களுக்கும் அக்காவுக்கும் தெப்ராவின் ஸலாம். அக்காவுக்கு வலி எடுத்ததா, குழந்தை பிறந்ததா என்று ஒன்றும் தெரியாமல்தான் எழுதுகிறேன். பிறந்திருந்தால் அதன் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடுங்கள். கரண்ட் போனதிலிருந்து டவரும் இல்லை, போனும் இல்லை. எல்லை வரை போகும் டாக்சிக்காரர் மதியம் லுஹர் தொழுததும் கிளம்புகிறார். கடிதம் இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் குறை எதுவும் இல்லை. நீங்கள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போன இறைச்சியைக் கெடுவதற்குள் உப்பும் மஞ்சளும் தடவி மாடியில் காயப் போட்டுவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று அப்பா சொன்னார். ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் சுமாராகத்தான் வந்திருக்க வேண்டும். அவருடைய சர்க்கரை மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. நான் அடுத்த வகுப்பு இலக்கணப் புத்தகத்தை முடித்துவிட்டு இரண்டாம் முறை படிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்பா இன்று வேலைக்குப் போயிருக்கிறார். அதைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது. படிக்கும்போது அக்காவின் பக்கத்தில் உட்காராதீர்கள்.

அறுந்த மின்கம்பி ஓடைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கிளம்பிய பிறகுதான் இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பழுது பார்க்க வரும் ஆட்கள் ஆரஞ்சு நிற சேஃப்டி ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். முன்னும் பின்னும் இன்காத் என்று, அதாவது மீட்பு என்று, தூரத்திலிருந்தே படிக்கும் அளவுக்குப் பெரிதாக அச்சடித்திருக்க வேண்டும். அப்படி வருகிறவர்கள் மேல் ஓடைக்கு அப்பால் யாரும் கை வைக்க மாட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அந்த வாக்கு. ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு இருக்கும் டீசலும் ஏறக்குறைய அதுவரைக்கும்தான்.

அப்பா அந்தச் சொல்லை அட்டையில் தன் கையாலேயே பெரிதாக எழுதி, நகரத்தில் இருக்கும் அச்சுக்கடைக்குக் கொடுத்தனுப்பினார். போன் இருந்திருந்தால் வாயால் சொல்லியிருப்பார். இது நடந்தே இருக்காது.

நேற்று மதியம் மூட்டை வந்தது. அப்பா ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெள்ளிப் பட்டை மின்ன, கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். துணி நல்ல துணி. தையலும் நல்ல தையல். நான் பின்னால் நின்று முதுகில் இருந்ததைப் படித்தேன். இன்காத் என்று இல்லை. இன்ஃபாத் என்று இருந்தது.

பள்ளியில் எங்களுக்கு அரபி எழுத்தில் ஃபா என்றால் மேலே ஒரு புள்ளி, காஃப் என்றால் மேலே இரண்டு புள்ளி. அப்பாவோ மரப்பலகையில் எழுதி ஓதக் கற்றவர். அவருக்கு ஃபாவின் புள்ளி கீழே இருக்கும், காஃபுக்கு மேலே ஒரே புள்ளி. நம் ஊர்ப் பழைய கையெழுத்து அது. அச்சுக்கடைக்காரர் கிழக்கிலிருந்து, அந்த வழக்கம் இல்லாத ஊரிலிருந்து, வந்தவர் போல. அட்டையில் ஒரு புள்ளியைப் பார்த்தவர் ஃபா என்றே அடித்துவிட்டார். சொல்லின் நடுவில் இரண்டு எழுத்துக்கும் உருவம் ஒன்றுதான், புள்ளிதான் வேறு. இன்ஃபாத் என்றாலும் அர்த்தமில்லாத சொல் இல்லையே, அமலாக்கம் ஆயிற்றே. அந்தப் பெயரில் முன்பே நிறைய அடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று மூட்டையோடு சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினாராம்.

அடித்துக் கொடுத்திருப்பார். போன குளிர்காலத்தில் அந்தச் சொல்லை முதுகில் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் ஓடைக்கு அப்பால் வீடு வீடாகப் புகுந்து ஆண்களைப் பிடித்துப் போனார்கள். இன்றுவரை ஒருவரும் திரும்பவில்லை.

நான் சொன்னதும் அப்பா ஜாக்கெட்டைக் கழற்றி, கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “என்ன தப்பு இதுல? இன்காத்னு தெளிவா இருக்கே” என்றார். டீ குடிக்க வந்த கலீஃபா மாமாவும் வாங்கிப் பார்த்து இன்காத் என்றே படித்தார். அவரும் பலகையில் எழுதிப் படித்தவர்தான். பிறகு மிஃப்தாஹ் படித்தார். அப்பாவின் குழுவில் கம்பம் ஏறும் அந்த இளைஞரை உங்களுக்குத் தெரியும், எப்போதும் கேலி பேசுகிறவர். டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

“ஹாஜி, இதப் போட்டுக்கிட்டு ஓடையத் தாண்டுறதுக்கு, நீங்களே இங்க வச்சு எங்களச் சுட்டுடுங்க. பெட்ரோலாவது மிச்சமாகும்.”

அந்தப் பக்கம் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் மிஃப்தாஹ் வயதுக்காரர்கள். அவரைப் போலவே, என்னைப் போலவே, பள்ளியில் படித்தவர்கள். திருப்பி அனுப்பிப் புதிதாக அடித்து வாங்க நாள் இல்லை. அப்போதுதான் நான் சொன்னேன், ஒவ்வொன்றிலும் இன்னொரு புள்ளி வைத்தால் போதும், அது காஃப் ஆகிவிடும் என்று. மார்க்கர் மை அந்த வழவழப்பான துணியில் ஒட்டவில்லை. அவர்கள் கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சதுரமாக வெட்டி, சாய்த்து ஒட்டினால் அச்சுப் புள்ளி போலவே இருந்தது. வியர்வையில் உரிந்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் கறுப்பு நூலால் நெருக்கித் தைத்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது அம்மா.

அப்பா தன்னுடையதைக் கடைசியாகத்தான் நீட்டினார். “ஏழு வயசுல எழுதுன எழுத்து. இத்தன வருஷம் ஒரு புள்ளியே போதுமா இருந்துச்சு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்று விடிந்ததும் கிளம்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றார். அதனால் மதிய மாத்திரையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

இதுவரை எழுதி வைத்துவிட்டு இறைச்சியைத் திருப்பிப் போட மாடிக்குப் போனேன். இறங்கி வரும்போது மிஃப்தாஹ் வாசலில் நின்றுகொண்டிருந்தார், தனியாக. ஹாஜியின் மாத்திரையைக் கொடு என்று மட்டும் சொன்னார். மதியம் வருகிறவருக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமலே நின்றேன். கேலி பேச வருகிற அளவுக்கு அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஓடையைத் தாண்டியதும் தடுப்பில் இருவர் நிறுத்தினார்களாம். ஒருவன் தொப்பி போட்டவன், அவன்தான் அங்கே பொறுப்பு. மற்றவன் அவனைவிடச் சின்னவன். தூரத்திலிருந்து இன்காத் என்று படித்துவிட்டு வரவிட்டிருக்கிறார்கள். கிட்டே வந்ததும் வெயிலில் புள்ளியின் நூல் தெரிந்துவிட்டது. தொப்பிக்காரன் அப்பாவின் மார்பில் விரல் வைத்து அந்தப் புள்ளியைத் தடவிப் பார்த்தானாம். பிறகு அதைக் கட்டைவிரலால் மூடி, மிச்சத்தைப் படித்தானாம்.

“இன்ஃபாத் ஜாக்கெட்டு. மேல ஒரு புள்ளியத் தச்சு எங்ககிட்டயே எடுத்துட்டு வந்திருக்கீங்க, இல்ல?”

நான் அதை நினைக்கவே இல்லை அம்மா. தவறைத் திருத்தினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். திருத்தியது தெரிந்தால் அது வேஷம் போல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். பழைய கையெழுத்து என்றால் எழுதிக் காட்டு என்றானாம். அப்பா குனிந்து மணலில் விரலால் எழுதினார். எப்போதும் எழுதுவது போல, ஒரே புள்ளி வைத்து. அதை இன்ஃபாத் என்று படித்ததும் தொப்பிக்காரன் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்துவிட்டானாம். சின்னவன் மட்டும் மணலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

“எங்க அப்பாவும் இப்படித்தான் எழுதுவாரு. ஒத்தப் புள்ளி. நாங்க கிண்டல் பண்ணுவோம்” என்றானாம் சின்னவன்.

“உங்க அப்பா எழுதுனாரு, சரி. இதத் தச்சது யாரு?” என்றானாம் தொப்பிக்காரன்.

மகள் தைத்தாள் என்றார் அப்பா. அப்படியானால் அவளை வரச் சொல், என் கண் முன்னால் ஒரு புள்ளி தைக்கட்டும், கையும் நூலும் ஒன்றுதானா என்று பார்க்கிறேன், அப்புறம் எல்லாரும் போய் வேலையைப் பாருங்கள் என்று தொப்பிக்காரன் சொன்னானாம்.

அவள் ஊரில் இல்லை, தூனிஸில் அவள் அம்மாவோடு இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார் அப்பா.

அப்படியென்றால் அவள் வரும்வரை ஹாஜி இங்கேயே இருக்கட்டும் என்று அவன் சொல்லிவிட்டான். அப்பாவைத் தடுப்புச் சுவரின் நிழலில் உட்காரவைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் லாரியை விட்டு இறங்கக் கூடாது. மாத்திரைக்காக மிஃப்தாஹை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். வரும்போது அப்பா அவர் காதில் சொன்னாராம், “மாத்திரைய மட்டும் வாங்கிட்டு வா. அவகிட்ட வாயத் தெறந்தே, கம்பத்துல கட்டி வச்சிருவேன்.”

நான் நிறைய யோசித்தேன் அம்மா. நான் போய் நின்றால் அப்பா சொன்னது பொய் என்றாகிவிடும். போகாவிட்டால் தூனிஸிலிருந்து யார் வருவார்கள்? அதனால் அவர்கள் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிடுவேன், அவர் சொன்னது பொய்தான் என்று. அந்த இடத்தில் உங்கள் அப்பா இருந்திருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பார் என்று அந்தச் சின்னவனைக் கேட்பேன். அவனுடைய அப்பா குளிர்காலத்தில் பிடிபட்டவர்களில் ஒருவராக இருந்தால் அப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. போகும் வழியில் யோசிக்கிறேன்.

காய்ச்சல் என்று வராமல் போனவருடைய ஜாக்கெட் ஒன்று புள்ளி வைக்காமலே மீதம் இருக்கிறது. அதை எழுத்து உள்ளே போகும்படி மடித்து, ரொட்டிக்கும் மாத்திரைக்கும் அடியில் வைத்திருக்கிறேன். அவர்கள் முன்னால் அதில் தைத்துக் காட்ட ஊசி, நூல், டேப் எடுத்துக்கொண்டேன். நடுரோட்டில் மெதுவாக நடக்க வேண்டும், பை திறந்திருக்க வேண்டும், கை தெரியும்படி இருக்க வேண்டும் என்று மிஃப்தாஹ் சொல்லிக் கொடுத்தார். முதலில் முடியவே முடியாது என்றார். இப்போது என்னைக் கூட்டிப் போக வாசலில் காத்து நிற்கிறார்.

கை நடுங்கினால் தையல் வேறு மாதிரி விழுமே என்பதுதான் எனக்குப் பயம். அதனால்தான் இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுப் போகிறேன். எழுதும்போது என் கை நிற்கிறது. இந்தப் பக்கத்தில் எழுத்தெல்லாம் நேராக இருக்கிறதா, பாருங்கள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அப்பா வீட்டுக்கு வந்திருப்பார், இன்ஷா அல்லாஹ். அவரைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் வரும் தொழுகையிலிருந்து அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
தெப்ரா