இறக்கத்தில் ஒரு விசில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

"நீங்க ஸ்ட்ரைக் பண்ணா ஆஸ்பத்திரிக்குப் போறவங்க என்னண்ணா பண்ணுவாங்க?" என்று கேட்டிருந்தாய். நியாயம்தான். போன தடவையும் அதைச் சொல்லித்தான் நிர்வாகத்தார் கோர்ட்டில் ஸ்ட்ரைக்குக்குத் தடை வாங்கினார்கள். பிரேக் சரியில்லாத பஸ்ஸை நாங்களும் வாயை மூடிக்கொண்டு எடுத்தோம்.

நசுங்கின முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, அதே வண்டிக்குப் பெயின்ட் அடித்து என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார்கள்.

புதுக் கண்டக்டரம்மா கெட்டிக்காரர். ஆனால் அந்த இறக்கம் வந்ததும், உன் வீட்டுக்காரர் கண்டக்டராக நின்ற பின்படியிலிருந்து, நிறுத்தச் சொல்லி ஒரு விசில் கேட்கிறது. பிரேக்கை மிதித்து மிதித்து நிறுத்திவிட்டுத் திரும்பினால், "நான் ஊதலையேண்ணே" என்கிறார் அந்த அம்மா.

நாளை நான் வண்டி எடுக்கப்போவதில்லை. அவர் விசிலுக்கு என் வண்டி நிற்காமல் போனது அந்த ஒரு நாள்தான்.

உன் அண்ணன்