அடங்கியதா, அடைத்ததா

மார்ச் 3, திங்கள்

காலை அளவெடுப்பில் கந்தக வாயு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. நடுக்கங்களும் குறைவு. மூன்று வாரமாக ஆட்டம் காட்டிய எரிமலை வழிக்கு வந்துவிட்டது. கண்காணிப்பு நிலையத்தின் அறிவிப்பை நான்தான் எழுதினேன்: "மலை அடங்கியது." பதினோரு வருஷ அனுபவத்துக்கு இரண்டு சொல் போதும்.

மார்ச் 4

அக்காவும் அத்தானும் மூன்று வாரமாக இருந்த நிவாரண முகாமைக் காலி செய்து, மாடுகளோடு வடக்குச் சரிவிலுள்ள வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். "நீ எழுதினதப் படிச்சுட்டுதான் உங்க அத்தான் லாரி பிடிச்சார்" என்றாள் அக்கா ஃபோனில். பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

மார்ச் 6, வியாழன்

வடக்குச் சரிவு உப்புவதாகச் சாய்வுக் கருவி காட்டியது. கருவிக் கோளாறு என்று நானே போய்ப் பார்த்தேன். கருவி நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு என்னிடம்.

வாயு ஏன் குறைந்தது? உள்ளே சரக்கு தீர்ந்தா? இல்லை - மேலே வந்த எரிமலைக் குழம்பு வாயிலேயே உறைந்து மூடிக்கொண்டதால். விசில் வராத குக்கரைப் பார்த்து அடுப்பு அணைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். மலை அடங்கவில்லை, அடைத்திருக்கிறது. பிய்த்துக்கொண்டு கிளம்பினால் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சரிவில் இறங்கும். எந்த லாரியாலும் அதை முந்த முடியாது. அக்கா அங்கேதானே இருக்கா. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

"திருத்தம்னு போடாம புது அறிவிப்பாவே போட்டுடலாமே" என்றார் மேலதிகாரி.

"திருத்தம்னே போடுங்க சார். என் பேர்லயே."

போட்டார்.

மார்ச் 7

திருத்தத்தைப் படித்தும் அத்தான் கிளம்ப மறுத்தார். நேரில் போனேன்.

"திங்கட்கிழமை அடங்கிருச்சு, வியாழக்கிழமை அடைச்சிருச்சா? ரெண்டுல எதும்மா நிஜம்?"

"திங்கட்கிழமை எழுதினது தப்பு அத்தான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

நான் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. எழுந்து மாடுகளை அவிழ்க்கப் போனார்.

மார்ச் 9

காலை 10:40. வெடித்தது. நான்கு நிமிடத்தில் வடக்குச் சரிவு முழுவதும் சாம்பல். அக்கா வீடு இல்லை. அக்கா இருக்கிறாள். அத்தானும் ஒன்பது மாடுகளும் இருக்கிறார்கள். நேற்றே போலீஸ் வீடு வீடாகப் போய் எல்லோரையும் இறக்கியிருந்தது.

சாப்பிட்டேன். நன்றாகத் தூங்குவேன்.

ஏப்ரல் 22

மேலே பழைய இடத்திலேயே கொட்டகை போட அத்தான் தகரம் வாங்கிவிட்டார். என் அறிவிப்புக்காகத்தான் காத்திருக்கிறார்.

வாயு மறுபடி குறைவு. சரிவு இந்த முறை உப்பவில்லை. அந்தப் பழைய சொல்லை எழுதக் கை பரபரத்தது. எழுதியது இது: "வாயு குறைந்துள்ளது. காரணம் இன்னும் தெரியவில்லை."

அரை மணியில் அத்தான் கூப்பிட்டார்.

"தெரியலன்னு போட்டிருக்கு. நீ எழுதினதா?"

"நான்தான் அத்தான்."

"அப்ப சரி. தகரம் ஏத்தின லாரி முகாம் வாசல்ல நிக்குது. இறக்கச் சொல்லிடறேன்."